ஆழ்கடல் சுழலை அவர் குடித்துவிட்டார்

“ஆஸ்ட்ரேலியாக்காரன் நர்சுக்குப் பாயிண்ட் குடுக்கிறான். கணக்கு எழுதுறவனுக்குக் குடுக்கிறான். ரொட்டி சுடுறவனுக்குக்கூடக் குடுக்கிறான். கடலுக்கு அடியில தண்ணி சுத்துதுன்னு படிச்சவளுக்கு எத்தினி பாயிண்ட் குடுப்பான்? சொல்லு பாப்போம்!”

கேட்டவர் என் தாய்மாமா. லவுத்தோக்காவில் ஃபிட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நகாசியில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில், குடியேற்றப் படிவத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக் கேட்டார். அந்த வருடம் ஃபிஜியில் எந்த இந்திய வீட்டுக்குப் போனாலும் இந்தப் படிவம் இருந்தது. படிப்புக்கும் வேலைக்கும் பாயிண்ட் போடுவார்கள், போதுமான பாயிண்ட் சேர்ந்தால் விசா. கல்யாணம் விசாரிக்கிற மாதிரி பாயிண்ட் விசாரித்தார்கள். “உங்க பையனுக்கு எத்தினி?” “அறுவது.” “அச்சா! பரவால்லியே!”

நான் மாமாவுக்குப் பதில் சொல்லவில்லை. எனக்குச் சாதாரணக் கோபம் வந்தால் வாய் மூடாது. பெரிய கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கூடவே மூளையும் மூடிக்கொள்ளும். இந்தக் கட்டுரை இரண்டாவது வகைக் கோபத்தைப் பற்றியது. இது நடந்தபோது எனக்கு வயது இருபத்தொன்று. இப்போது இருபத்திரண்டு. எவ்வளவோ முதிர்ந்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. அப்பா மூன்றாவதோடு நிறுத்தினார். நான் பல்கலைக்கழகத்தில் கடலியல். (என் வயதுக்காரர்கள் எல்லாரும் ஹிந்தியில்தான் பேசுகிறார்கள். அம்மா தமிழிலேயே திட்டி வளர்த்ததாலும், கோயில் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றதாலும் எனக்குத் தமிழ் தங்கிவிட்டது. அதில் கோபப்படுவதற்கான சொற்கள் கொஞ்சம் அதிகமாகவே தங்கிவிட்டன.)

என் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதற்கு முந்தின வருடம், இந்தியர் பிரதமராக இருப்பது பிடிக்காத ஃபிஜிக்காரர்கள் (தீவின் பூர்வகுடிகளை அப்படித்தான் சொல்வோம்) சிலர் துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் புகுந்து அவரைப் பிடித்து வைத்தார்கள். அது நடந்தது தலைநகர் சுவாவில். நாங்கள் இருந்ததோ கடல் தாண்டி, வனுவா லெவு தீவில், ட்ரெகேட்டியில், நெல் வயலுக்கு நடுவில். இந்தியர் என்பதைத் தவிர எங்களுக்கும் பிரதமருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் ஒரு மத்தியானம் முகத்தில் துணி கட்டிய சிலர் வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். அடுப்பையும் தூக்கிப் போனார்கள். வாசல் கதவையும் கழற்றிக்கொண்டு போனார்கள். (கதவு எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர்கள் வீட்டில் வாசலே இல்லாமல் இருந்ததா?) மூன்று பெட்டிகளோடு சுவாவை ஒட்டிய நகாசிக்கு வந்து சேர்ந்தோம். அப்பா டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மாமா படிவம் வாங்கினார். நான் ஆழ்கடல் சுழலில் போய் விழுந்தேன்.

அது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மாமாவுக்குச் சொல்லாததை. கடல் என்றதும் எல்லோரும் மேலே இருக்கிற அலையைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் பல நூறு மீட்டர் ஆழத்திலும் அதற்குக் கீழும் தண்ணீர் பெரிய பெரிய வட்டங்களாகச் சுழன்றுகொண்டிருக்கிறது. ஒரு சுழலின் அகலத்தில் ஒரு தீவே உட்காரும். தடிமன் மட்டும் அதற்குச் சம்பந்தமே இல்லாமல் கொஞ்சம்தான். கல்லில் ஊற்றிய தோசை, நடுவில் கொஞ்சம் உப்பிய தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பிறந்த இடத்து உப்பையும் சூட்டையும் உள்ளே பூட்டி வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள தண்ணீரோடு லேசில் கலக்காமல், மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், ஆள் நடப்பதைவிட மெதுவாக நகர்ந்து போகும். பூமி சுழல்வதால்தான் அது கலையாமல் தாங்குகிறது. மேலே படகில் போகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. (ரேடியோவில் “நாட்டில் அமைதி திரும்பிவிட்டது” என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் படகுக்காரன்தான் ஞாபகத்துக்கு வருவான்.)

இந்தச் சுழல்களை அளப்பதற்கென்றே ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல் சுவாவுக்கு வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. ஃபிஜி மாணவர் ஒருவருக்கு அதில் இடம் உண்டு. ஒரே ஒரு இடம். ஆறு வாரம் கடலில். தேர்ந்தெடுப்பது சுவாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் குழு. அந்த இடம் எனக்கு வேண்டும். இதுவரை நான் படித்ததெல்லாம் காகிதத்தில் வரைந்த கடல். ஒரு முறையாவது கருவியை அந்த ஆழத்துக்கு இறக்கி, அங்கே சுழல்கிறது என்று என் கண்ணால் எண்களைப் பார்த்தால் போதும். பிறகு மாமா எத்தனை பாயிண்ட் வேண்டுமானாலும் கேட்கட்டும்.

குழுவில் இருப்பவர்கள் யாரும் கடலியல் படித்தவர்கள் இல்லை என்று கேள்விப்பட்டேன். அதனால் வாயால் சொல்வதைவிடச் சுழலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கான வழி அப்பா நங்கோனா கரைக்கிற பேசினில் கிடைத்தது.

தெரியாதவர்களுக்கு: நங்கோனா என்பது ஒரு செடியின் வேரை இடித்துத் தூளாக்கித் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. பார்க்கச் சேற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும். குடித்தாலும் கிட்டத்தட்ட அப்படித்தான், நாக்கு மட்டும் மரத்துப்போகும். ஃபிஜிக்காரர்களின் சடங்குப் பானம். நம்மவர்கள் அதை எடுத்து, சடங்கைக் கழித்துவிட்டு, பிளாஸ்டிக் பேசினில் கரைத்து, அரசியல் பேசிக்கொண்டே குடிப்பார்கள். ஒரு சாயங்காலம் அப்பா பேசினைக் கலக்கிவிட்டுக் கையை எடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். அடியில் தூள் சின்னச் சின்ன வட்டங்களாகச் சுழன்று நடுவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

“குடிக்காதீங்க! கைய வெக்காதீங்க!” என்று கத்தினேன்.

“என்னா புள்ள லோகா, பல்லி விழுந்துடிச்சா?”

“சுழல்ப்பா, சுழல்!”

அப்பாவின் நண்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படிக்கிற பெண்ணுக்கு எப்போதாவது இப்படி ஆகும் என்று அவர்கள் முன்பே சந்தேகப்பட்டிருந்தார்கள்.

இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தேன். முறை இதுதான். கீழ்த் தண்ணீரில் ஒரு பாக்கெட் உப்பைக் கரைத்தேன், அது கனமாகும். அதிலேயே நங்கோனாத் தூளையும் கரைத்தேன், நிறம் தெரியும். அதன்மேல் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை மிதக்கவிட்டு, அதன்மீது நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்ற வேண்டும். கை ஆடாமல் இருந்தால் மேலே தெளிவாகவும் கீழே பழுப்பாகவும் இரண்டு அடுக்கு நிற்கும். அதைச் சுழலும் பலகையில் வைத்து ஒரே சீராகச் சுற்றிவிட்டுக் கொஞ்சம் வேகத்தை மாற்றினால், அடியில் இருக்கும் பழுப்பு நீர் வட்ட வட்டமாகப் பிரிந்து சுழலும். லாரி சக்கரத்துப் பேரிங்கின் மேல் பலகை அடித்துக் கொடுத்தார் அப்பா. எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதுகூடக் கணக்கு. நாம் இருக்கும் தென்பாதி உலகத்துக்குக் கடிகார முள் போகும் பக்கம், அதாவது கோயிலைச் சுற்றுகிற பக்கம்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசி நாளில் அப்பா ஒரு வார்த்தை சொன்னார். “துணி ஊற வெக்கிற பேசினையா ஆபீசுக்குத் தூக்கினு போவப்போற? பெரிய மனுசங்க இருக்கிற எடம். கேவலமா இல்ல?”

என் தன்மானத்தில் கை வைத்துவிட்டார். உடனே பக்கத்து வீட்டு லித்தியா அக்காவிடம் ஓடினேன். லித்தியா அக்கா ஃபிஜிக்காரி. நாங்கள் மூன்று பெட்டிகளோடு வந்து இறங்கிய அன்று, யார் என்ன என்று கேட்காமல் கிழங்கு வேகவைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள். அவள் வீட்டில் ஒரு தனோவா இருந்தது. நங்கோனா கரைக்கிற பெரிய மரக் கிண்ணம், ஒரே மரத்தில் குடைந்தது, கீழே குட்டிக் கால்கள். ஒரு பக்கம் தேங்காய்நார்க் கயிறு தொங்கும், நுனியில் சோழி.

“என்னாத்துக்கு?” என்று ஹிந்தியில் கேட்டாள்.

“ஆபீசுல ஒரு பெரியவர் முன்னால வெக்கணும்க்கா.”

அவள் முகம் ஏனோ மாறியது. என் கன்னத்தைத் தொட்டாள். தனோவாவைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தாள். “நல்ல காரியம் பண்றே. உங்க அம்மா உன்ன நல்லா வளத்திருக்கா. ஒண்ணு மட்டும் மறக்காத. கயிறு அந்தப் பெரியவரப் பாத்து இருக்கணும்.”

அது என்ன நல்ல காரியம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. படித்தவள் கேள்வி கேட்டால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைக்கிற வயது. (இருபத்தொன்று.) மேசை நாற்காலி போடுவது மாதிரி இதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கும்போல என்று நினைத்து, “சரிக்கா” என்றேன்.

மறுநாள் சுவா பஸ்ஸில் மடியில் தனோவா, காலடியில் பலகை, பையில் இரண்டு கேன் தண்ணீர். எனக்குப் பக்கத்தில் இருந்த ஃபிஜிப் பெரியவர் எழுந்து எனக்கு ஜன்னலோரத்தைக் கொடுத்தார். முன்னால் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் குரலைத் தாழ்த்தினார்கள். ஒரு பெண்மணி என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படித்த களை முகத்தில் வந்துவிட்டது என்று எனக்கு ஒரே பூரிப்பு.

அலுவலகத்தில் இரண்டு பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். ஒருவர் குழுவின் தலைவர், வயதான ஃபிஜிக்காரர், நரைத்த அடர்ந்த முடி, சுலு என்கிற அவர்களுடைய வேட்டி, வெள்ளைச் சட்டை. பக்கத்தில் டை கட்டிய ஓர் இந்திய அதிகாரி. என் மதிப்பெண்களைப் புரட்டிவிட்டு அதிகாரிதான் முதலில் ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

“மார்க் நல்லா இருக்கு. ஆனா ஒரு சந்தேகம். அரசாங்கம் உங்களுக்காகச் செலவு பண்ணி கப்பல்ல அனுப்பும். நீங்க படிச்சு முடிச்சதும் வெளிநாட்டுக்குப் போயிடுவீங்க. உங்க ஆளுங்க எல்லாம் அப்படித்தானே? இந்த நாட்டு மேல உங்களுக்கு என்ன விசுவாசம்?”

உங்க ஆளுங்க! சொல்லுகிறவர் யார்? அவர் மேசைமேல் இருந்த உறையில் வெளிநாட்டுத் தூதரகத்தின் முத்திரை எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த உறை எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும்.

எங்களை வீட்டைவிட்டு ஓட வைத்தார்கள். ஓடி வந்த இடத்தில், ஓடிவிடுவாயா என்று கேட்கிறார்கள். நான் மேலே சொன்ன இரண்டாவது வகைக் கோபம் வந்தது. வாய் மூடிக்கொண்டது. மூளை மூடிக்கொண்டது. நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

“இதற்கு நான் வாயால் பதில் சொல்வதைவிட, கொண்டுவந்திருப்பதை வைக்கிறேன், சார்.”

மேசை ஆடியது. ஆடுகிற மேசையில் அடுக்கு நிற்காது. அதனால் தரையில் பலகையைப் போட்டேன். அதன்மேல் தனோவாவை வைத்தேன். லித்தியா அக்கா சொன்னது ஞாபகம் வர, கயிற்றைத் தலைவரைப் பார்த்து நீட்டி வைத்தேன். முட்டி போட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, உப்பும் நங்கோனாவும் கரைத்த தண்ணீரை ஊற்றினேன். பிறகு ஸ்பாஞ்சை வைத்து நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்ற ஆரம்பித்தேன். ஊற்றும்போது நான் பேசமாட்டேன், மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன். பேசினால் கை ஆடும்.

அறையில் சத்தம் அடங்கிவிட்டது. ஆஹா, அறிவியலின் சக்தி என்று நினைத்தேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நிமிரவில்லை, அடுக்கு முக்கியம். மெல்லப் பலகையைச் சுற்றினேன். கீழே பழுப்பு நீர் அசைந்தது, ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் பிரிந்தது, பக்கத்தில் இன்னொன்று. அவ்வளவு அழகான சுழல் ஒத்திகையில்கூட வந்ததில்லை. பெருமையோடு நிமிர்ந்தேன்.

தலைவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். டை கட்டிய அதிகாரியும் தரையில். கதவு திறந்திருந்தது. வெளியே தட்டச்சு செய்துகொண்டிருந்த இரண்டு பெண்களும் வரிசையாகத் தரையில். எல்லார் தலையும் குனிந்திருந்தது. ஜோனே என்று எல்லாரும் கூப்பிடும் அலுவலக உதவியாளர், நடுத்தர வயது, மலை மாதிரி ஆள், தேங்காய் ஓட்டுக் கிண்ணம் ஒன்றை எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பாவம், துணைக்கு ஆம்பள யாரும் இல்லாம வந்திருக்கே. நான் கலக்கறேன்” என்று காதோடு சொன்னார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தவறு செய்தவர்கள் பெரியவர் முன்னால் தனோவாவை வைத்து, நங்கோனா கொடுத்து மன்னிப்புக் கேட்பது ஃபிஜிக்காரர்களின் வழக்கம். ட்ரெகேட்டியில் வளர்ந்தவளுக்கு இது தெரியும். நன்றாகத் தெரியும். பத்துத் தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு வாரமாக அந்தப் பாத்திரத்தில் எனக்குக் கடல் மட்டும்தான் தெரிந்தது, அவ்வளவுதான். விசுவாசம் எங்கே என்று கேட்டார்கள். நான் பதில் பேசாமல் முட்டி போட்டு, தனோவாவை வைத்து, கயிற்றைத் திருப்பிவிட்டேன். (பலகையைச் சுற்றியதை மட்டும் அவர்கள் கற்பூர ஆரத்தி மாதிரி மதராசிகளின் பங்கு என்று எடுத்துக்கொண்டார்களாம். பிறகு கேள்விப்பட்டேன்.)

வாயைத் திறப்பதற்குள் ஜோனே தன் முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு கலக்குக் கலக்கினார். அடுக்கு போயிற்று. சுழல் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. தனோவாவில் இப்போது இருந்தது ஒரே நிறத்தில் ஒரு பாக்கெட் உப்பு.

“ஜோனே, வேணாம், அதுல…”

“பயப்படாத, தங்கச்சி. அவரு நல்லவரு.”

கிண்ணத்தை நிரப்பித் தலைவரிடம் கொடுத்தார். தலைவர் கையைக் குழித்து ஒரு தட்டுத் தட்டி வாங்கிக்கொண்டார். முதல் கிண்ணத்தை நடுவில் நிறுத்தக்கூடாது, ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். அதுவும் எனக்குத் தெரியும்.

குடித்தார்.

முதல் விழுங்கில் அவர் கண்கள் அகன்றன. இரண்டாவதில் மூடிக்கொண்டன. கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் கிண்ணம் இறங்கவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, மூன்று தடவை கையைத் தட்டினார். அந்த மனிதரின் மன உறுதியில் பாதி எனக்கு இருந்தால் இந்நேரம் நான் கடலின் அடித்தளத்துக்கே போயிருப்பேன்.

அடுத்த கிண்ணம் டை கட்டியவருக்கு. அவர் தலைவரின் முகத்தைப் பார்த்துவிட்டார். “எனக்கு வயிறு சரியில்ல” என்று முனகினார்.

இங்கே நான் செய்தது சரியில்லை என்று அம்மா இன்றும் சொல்கிறாள். கிண்ணத்தை ஜோனேயிடமிருந்து வாங்கி, நானே விளிம்பு வரை நிரப்பி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன்.

“விசுவாசத்துக்கு, சார்.”

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரால் மறுக்க முடியவில்லை. ஒரு வாய் குடித்தார். கன்னம் இரண்டும் உப்பின. எழுந்து ஜன்னலுக்கு ஓடினார்.

தலைவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார். பேச்சு அழகாக இருந்தது, அதுதான் கொடுமை. கஷ்டமான வருடம் என்றார். இரண்டு பக்கமும் புண்பட்டிருக்கிறது என்றார். ஒரு சின்னப் பெண், தனியாக, தன் ஆட்கள் சார்பில் தலை குனிந்து வந்திருக்கிறாள், அவளை ஏற்றுக்கொள்கிறேன், மன்னித்தேன் என்றார். தட்டச்சுப் பெண்களில் ஒருத்தி விம்மினாள்.

மன்னித்தேன்!

“எதுக்கு?” என்றேன். அடைத்திருந்த வாய் அந்த இடத்தில் திறந்துகொண்டது. “எதுக்கு மன்னிச்சீங்க, சார்? எங்க மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனதுக்கா? எங்க வாசக் கதவக் கழட்டிக்கிட்டுப் போனதுக்கா? எங்கப்பா நாப்பது வருஷம் உழுத நிலத்த விட்டுட்டு டயருக்குக் காத்து அடிக்கிறாரு, அதுக்கா? நான் மன்னிப்புக் கேக்க வரல. யாரு யாருக்கு முன்னால தனோவா வெக்கணும்?”

ஜோனே தன் ஈரமான கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் என்னைப் பார்த்தார். கோபமா, வருத்தமா, உப்பா என்று எனக்குப் புரியவில்லை.

“அப்படியானால் இது என்ன?” என்று தனோவாவைக் காட்டிக் கேட்டார்.

“சுழல், சார். ஆழ்கடல் சுழல்.”

“நான் குடித்தது?”

“அதோட அடிப்பாகம்.”

அவர் தலையை மெல்ல ஆட்டினார். “நான் மன்னித்துவிட்டேன். கிண்ணமும் காலி. இனி அதைத் திரும்ப எடுக்க முறையில்லை” என்றார். பிறகு, “நீ போகலாம்” என்றார். வாசலில் ஜோனே தனோவாவைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன். இடம் போய்விட்டதே என்று நகாசி வரை அழுதேன். இறங்கிய பிறகுதான் யோசித்தேன், நான் பேசினதில் எந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று. ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை. ஆனால் அதை அவரிடம் போய்க் கத்தியிருக்க வேண்டுமா? கதவைக் கழற்றியது அவர் இல்லை. உப்பைக் குடித்தது மட்டும் அவர். இது இன்னும் எனக்குள் அடங்கவில்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. “விண்ணப்பதாரரின் நோக்கம் தெளிவாக இல்லை.” அவ்வளவுதான். கப்பலில் இடம் கிடைத்தவனை எனக்குத் தெரியும். நல்ல பையன். துறைமுகம் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தானாம். டை கட்டிய அதிகாரி இப்போது மெல்போர்னில் இருக்கிறார் என்று கேள்வி. (விசுவாசத்தோடு இருக்கட்டும்.)

வீட்டில் நான் எதிர்பார்த்தது அனுதாபம். கிடைத்தது வேறு. முழுக் கதையையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: “மன்னிச்சது மன்னிச்சதாவே இருக்கட்டும். வேணாம்னு சொல்லாத. அடுத்த தப்புக்கு ஆவும்.”

அன்றிலிருந்து ஆரம்பித்தது. நான் பால் பொங்கவிட்டால், “வுடு, அவளதான் கவர்மெண்டே மன்னிச்சிடுச்சே.” தட்டு உடைந்தால், “இதுவும் அந்தக் கணக்குல சேத்துக்க.” அப்பாவின் நண்பர்கள் முதல் கிண்ணம் வாங்கும்போதெல்லாம் என் பக்கம் திரும்பி, “லோகா கை பட்டுச்சா? உப்புப் பாத்துச் சொல்லுங்கப்பா” என்கிறார்கள். மாமா பிரிஸ்பேனுக்குப் புறப்பட்ட அன்று, விமான நிலையத்தில் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோது, தண்ணீர் பாட்டிலை நான் நீட்டினேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். லித்தியா அக்கா மட்டும் சிரிப்பதில்லை. என்னிடம் அவள் சொன்னது ஒன்றுதான்: “எதுக்குன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா, பேசினே போதும்னு சொல்லியிருப்பேன்.”

நியாயம்.

ஆனால் நோக்கம் தெளிவாக இல்லை என்று எழுதினார்களே, அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. என்னிடம் இருக்கிற ஒரே தெளிவான விஷயம் அதுதான். அப்பாவின் பேசினில் மறுபடியும் அடுக்கு கட்டினேன். உப்பின் அளவை மாற்றி மாற்றி, சுற்றும் வேகத்தை மாற்றி மாற்றி, வட்டங்கள் எங்கே பிரிகின்றன, எவ்வளவு நேரம் தாங்குகின்றன, எந்தப் பக்கம் நகர்கின்றன என்று இருபத்துமூன்று படம் வரைந்தேன். குழு, அலுவலகம், முத்திரை எதுவும் இல்லாமல், கப்பலின் தலைமை விஞ்ஞானியான ஓர் அம்மாளுக்கு நேராக அனுப்பினேன். எந்தத் தூளைப் பயன்படுத்தினேன் என்பதையும் எழுதினேன். குடிக்கவில்லை என்பதையும் எழுதினேன்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மாளிடமிருந்து பதில் வந்தது. படங்களில் ஏழாவதும் பதினெட்டாவதும் தவறு என்று காரணத்தோடு எழுதியிருந்தார். (அவை தவறுதான். அன்றைக்குப் பேசின் விரிசல் விட்டிருந்தது.) மற்றவை சரி. கப்பல் அடுத்த வருடம் மறுபடி வருகிறது, அதில் எனக்கு இடம் உண்டு, குழு எதுவும் தேவையில்லை. கப்பலில் ஏறுகிற எல்லாருக்கும் உள்ள விதி ஒன்று மட்டும்: போட்ட உடையோடு ஐம்பது மீட்டர் நீந்தி, ஆழமான தண்ணீரில் பத்து நிமிடம் மிதந்து காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

நெல் வயலில் வளர்ந்தவள் நான். எங்கள் வயலில் தண்ணீர் கணுக்கால் வரைதான். நான்கு வருடம் கடலைப் படித்தவளுக்கு நீந்தத் தெரியாது என்பதை இந்தக் கட்டுரையில் இதுவரை எங்கும் சொல்லாமல் வந்திருக்கிறேன்.

நேற்றுக் காலை சுவாவில் பொது நீச்சல் குளத்தில் பெயர் கொடுத்தேன். பயிற்சியாளர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆறு வயதுக் குழந்தைகளைப் பார்த்தார். “உங்க பிள்ளை எங்கே?” என்றார். “நான்தான்” என்றேன். அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏணியைப் பிடித்தேன். முதல் படி, இரண்டாவது படி, மூன்றாவது படி. தண்ணீர் மார்பு வரை வந்தது. காலால் துழாவினேன். நான்காவது படி இல்லை.

கையை விட்டுவிட்டேன்.